அண்ணன் இறுக்காமல் விட்ட நட்டுகள்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைந்திருக்கும். முதல் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கூரையில்லாத பச்சைக் கார் ஒன்று, அதன் கதவில் சாய்ந்தபடி எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு அண்ணன். "நல்ல சட்டை போட்ட படம் ஒண்ணுகூடவா கிடைக்கல அத்தை?" என்று அண்ணன் மகன், என் மருமகன், கேட்டான். கிடைத்தது, ஒரு பெட்டி நிறைய. ஆனால் சலவைச் சட்டை போட்ட படங்களில் எல்லாம் அண்ணன் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ மொய் எழுத வந்தவர் போல நிற்கிறார். எனக்குத் தெரிந்த அண்ணன் இந்தப் படத்தில்தான் இருக்கிறார்.

இதை எழுத என்னைவிடப் படித்தவர்கள் நம் குடும்பத்தில் இருக்கிறார்கள். நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். நம் உறவினர்கள் எல்லோரும் அறிய நான் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் முறைப்படி பிறப்பிலிருந்து தொடங்குகிறேன்.

அண்ணன் பிறந்தது மலாக்காவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே லாரி ஓட்டுநர். தோட்டத்துத் துரையிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய வேகக் கார் ஒன்று இருந்தது. அதைத் துரை ஓட்டுவார், அப்பா கழுவுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதைத் துடைத்து முடிக்கும்வரை அண்ணன் அருகிலேயே குந்தியிருப்பாராம். துடைத்து முடித்ததும் அப்பா அவரை ஓட்டுநர் இருக்கையில் ஒரு நிமிடம் உட்கார வைத்துத் தூக்கிவிடுவாராம். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அண்ணன் எழுபது வயதிலும் பேசினார்.

ஜப்பான்காரன் வந்தபோது துரை காரை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிப்போனார். அப்பா சக்கரங்களைக் கழற்றி, நான்கு ரப்பர் மரக்கட்டைகளின் மேல் காரை நிறுத்தி, ரப்பர் தாள்களைக் காயவைக்கும் புகைக்கூடத்துக்குப் பின்னால் விறகு அடுக்கி மறைத்து வைத்தார். பிறகு ஜப்பான்காரர்கள் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்கு அப்பாவையே கொண்டுபோனார்கள். "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போனவர் போனவர்தான். அப்போது எனக்கு நான்கு வயது. அன்றிலிருந்து யாராவது பையைத் தூக்கிக்கொண்டு "போயிட்டு வர்றேன்" என்றால் எனக்கு நம்பிக்கை வராது. இது ஏன் இங்கே வருகிறது என்று நினைக்காதீர்கள், பின்னால் சொல்லப்போவது எல்லாம் இதில்தான் தொடங்குகிறது.

சண்டை முடிந்ததும் அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு மலாக்கா நகரில் காஜா பெராங்குக்கு வந்தார். தகரக் கூரை போட்ட பலகை வீடு. அம்மா காலையில் அப்பம் சுட்டு விற்றார். அண்ணன் ஒரு பேருந்து நிறுவனத்தின் பட்டறையில் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, இருபது வயதுக்குள் ஃபிட்டர் ஆனார். அவர் கை வைத்த பேருந்து வழியில் நின்றதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. அண்ணனுக்குக் கோபம் வராது, குடி கிடையாது, கோயில் வேலை என்றால் கூப்பிடாமலே போய் நிற்பார். குறை ஒன்று உண்டு. சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்பார். அந்த இதோவுக்கு ஒரு மணி நேரம்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கிய காலத்தில் பழைய தோட்டம் கைமாறப் போவதாகச் செய்தி வந்தது. அண்ணன் சைக்கிளில் போய், புகைக்கூடத்துக்குப் பின்னால் கிடக்கும் காரைக் கேட்டார். அங்கிருந்த மேனேஜர் அதைப் பழைய இரும்பு என்று நினைத்து, இடம் காலியானால் சரி என்று கொடுத்துவிட்டார். பட்டறையின் இழுவை லாரியில் கார் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மரச்சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. இருக்கையில் கோழி முட்டையிட்டிருந்தது. இஞ்சின் துருப்பிடித்து இறுகிப்போய் அசைய மறுத்தது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. காரோடு வந்த நான்கு மரக்கட்டைகளைத்தான் பார்த்தார். அப்பா கைப்பட வெட்டி வைத்த கட்டைகள். அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனவர், சாகும்வரை அதன்மேல் உட்கார்ந்துதான் அப்பம் சுட்டார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை எழுந்தது. மூன்று ஆண்டு அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்குள் போயின. அண்ணனுக்குத் துணையாக வந்தவர் தலைமுறைகளுக்கு முன்பே வந்து மலாய் பேசுகிறவர்களாகிவிட்ட தமிழர்கள் வாழும் கம்போங் செட்டியில் இருந்த தச்சர் மாமா. அவருக்குத் தமிழில் சாமி பெயர்களும் உறவுமுறைகளும்தான் வரும், மற்றதெல்லாம் அவர்கள் வீட்டு மலாய். அண்ணன் தமிழில் கேட்பார், மாமா மலாயில் பதில் சொல்வார், வேலை மட்டும் எந்த மொழியிலும் தடைபடாது. கரையான் தின்ற சட்டத்துக்குப் பதிலாக மாமா செங்கால் மரத்தில் புதுச் சட்டம் செய்தார். இழைத்து முடித்துத் தூக்கிப் பார்த்தால் பழையதைப் போல ஒன்றரை மடங்கு கனம்.

"மாமா, இது வண்டியா, தொங்காங்கா?" என்றார் அண்ணன். தொங்காங் என்றால் சரக்கு ஏற்றும் படகு.

மாமா "தாப்பா, தாப்பா" என்று கையை ஆட்டினார். பரவாயில்லையாம். கரையான் மூன்று தலைமுறைக்குக் கிட்டே வராதாம்.

சட்டம் கனத்துவிட்டது, இனி இஞ்சினைத்தான் பலப்படுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. அண்ணன் அந்த இஞ்சினைத் திருத்திய கதை இப்படித்தான் தொடங்கியது, மோகத்தால் அல்ல. அப்படி அவர் சொல்லிக்கொண்டார். மோகமும் இருந்தது என்பது கூட இருந்த எனக்குத் தெரியும். சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கினார். அதற்கு ஏற்ற பிஸ்டன்களை ஒரு லாரியிலிருந்து எடுத்துப் பட்டறை லேத்தில் கடைந்து பொருத்தினார். புகை போகும் குழாய்க்கு ரப்பர் ஆலையின் பழைய நீராவிக் குழாயைப் பிடித்து, அதற்குள் காய்ந்த மணலை அடைத்து, பழுக்கக் காய்ச்சி வளைத்தார். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் மடங்கிவிடுமாம். வால்வுகளை ஒரு குச்சியின் நுனியில் பிடித்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே மோர் கடைவது போல உருட்டி உருட்டித் தேய்த்தார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வந்தன. மலாக்காவில் நாட்டின் விடுதலை நாளை அறிவித்த அன்று ஊரே பண்டார் ஹிலிர் திடலில் கூடியது, நாங்களும் போனோம். அண்ணன் தொண்டை கட்டக் கத்தினார். திரும்பும் வழியில் "இதோ" என்று தெங்கேரா பக்கம் சைக்கிளைத் திருப்பினார். பழைய இரும்புக் கடையிலிருந்து அந்த இரண்டாவது கார்புரேட்டரோடுதான் வீடு வந்து சேர்ந்தார்.

அண்ணனின் வேலை முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். எதைச் செய்தாலும் இரண்டாகச் செய்வார். ஒன்று பொருத்த, ஒன்று வைத்துக்கொள்ள. எண்ணெய் அளக்கும் குச்சி இரண்டு, கதவுத் தாழ்ப்பாள் இரு ஜோடி. மழைக்கு மூடும் கேன்வாஸ் கூரையை நான் தைத்துக் கொடுத்தேன், அதையும் இரண்டு தைக்க வைத்தார். "பொண்டாட்டியும் ரெண்டு கட்டுவியாடா?" என்று அம்மா கேட்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே "ஒண்ணு கிடைக்கட்டும்மா முதல்ல" என்பார். எல்லோரும் இதைச் சொல்லிக் கேலி செய்தோம். பிற்பாடு இது எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டிய நேரத்தில் வரவில்லை.

இஞ்சினின் மேல்மூடியை ஹெட் என்பார்கள். அதன் அடிப்பக்கத்தை ராவித் தட்டையாக்கினால் உள்ளே அழுத்தம் கூடும், சக்தியும் கூடும். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்க ஹெட்டுக்கும் இஞ்சினுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட் கெட்டியானதாக இருக்க வேண்டும். கடையில் வாங்கியது இரண்டு முறை ஊதிப்போனது. செம்புத் தகட்டில் செய்தால்தான் தாங்கும் என்றார் அண்ணன். செம்புக்கு எங்கே போவது? வீட்டில் ஒரு செம்பு அண்டா இருந்தது. என் கல்யாணத்துக்கு என்று அம்மா துணி சுற்றிப் பரண்மேல் வைத்திருந்த அண்டா. அண்ணன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் ஒரு வாரம் பரணைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்.

நானே இறக்கிக் கொடுத்தேன். "இந்தாண்ணே, வெட்டிக்க. எனக்கு வர்றவரு அண்டாவுக்காகவா வரப்போறாரு?" என்றேன்.

அம்மா இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. அண்ணன் அண்டாவின் வயிற்றைப் பிரித்துத் தட்டி விரித்து, அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்தி, கேஸ்கட் வெட்டினார். இரண்டு கேஸ்கட், சொல்லவும் வேண்டுமா?

அவற்றை வெட்டும்போது எனக்கு அவர் சொன்ன பாடம் ஒன்றுதான். பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். "செம்பு சூடு பட்டா படிஞ்சுக்கும் பாப்பா. படிஞ்சா நட்டு இளகிடும். அதனால முதல் தடவை இஞ்சின் ஓடி, நல்லா ஆறினப்புறம், எல்லா நட்டையும் இன்னொரு தடவை இறுக்கணும். அதைச் செய்யாட்டி மேட்டுல ஏறும்போது ஊதிடும்." அந்த இஞ்சினில் அப்படிப் பத்து நட்டுகள். இரண்டு கார்புரேட்டர்கள் வந்த பிறகு சாதாரண ஸ்பேனர் உள்ளே நுழையவில்லை. அதற்கென்று அண்ணன் ஒரு ஸ்பேனரை ராவி மெல்லியதாக்கி வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூர் தவுக்கே வந்தார். பந்தயக் கார்களைத் தயார்செய்யும் பட்டறை வைத்திருந்த சீன முதலாளி. வேறு வேலையாக மலாக்கா வந்தவர், யாரோ சொல்லி எங்கள் கொட்டகைக்கு வந்து இஞ்சினைப் பார்த்தார். வளைத்த குழாயைத் தடவினார், குனிந்து தேய்த்த வால்வுகளை உற்றுப் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார்: ஊருக்கு வெளியே குன்றுச் சாலையில் அடுத்து நடக்கும் வேகப் போட்டிக்கு நானும் வருவேன், இந்த வண்டி உச்சிவரை ஏறி முடித்தால் நீ என்னோடு சிங்கப்பூருக்கு வந்துவிடு, அங்கே பந்தய இஞ்சின் பகுதியை உன் கையில் கொடுக்கிறேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணன் அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நல்ல வாய்ப்புய்யா, போயிட்டு வா" என்றார். நான்தான் தட்டைத் தள்ளிவைத்தேன். சிங்கப்பூர் ஒன்றும் சயாம் இல்லை, பேருந்தில் போய் வரும் தூரம். எனக்குத் தெரியாதா? எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஆனால் அப்பா சொன்ன அதே சொல்லை அம்மா வாயிலிருந்து கேட்டதும் எனக்குள் இருந்த நான்கு வயதுக்காரி விழித்துக்கொண்டாள். போகாதே என்று சொல்ல வெட்கம். போ என்று சொல்ல மனம் வரவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

போட்டி விஜயதசமி ஞாயிறு அன்று காலையில். முந்திய நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆயுத பூஜையில் படைத்த சாமான்களை மறுநாள் புனர்பூஜை முடிந்துதான் தொட வேண்டும். அதுவரை வண்டி ஓடலாம், ஆயுதங்களுக்கு மட்டும் ஓய்வு. புனர்பூஜைக்கு அந்த ஆண்டு குருக்கள் குறித்துக் கொடுத்த நேரம் காலை ஒன்பது மணிக்கு மேல். போட்டிக்கு ஆறரைக்கே கிளம்ப வேண்டும்.

போட்டிக்காக இன்னொரு தடவை ராவக் கொடுத்த ஹெட் பட்டறையிலிருந்து வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. அன்றே ஏற்றி, சனிக்கிழமை காலை அண்ணன் இஞ்சினை ஓட விட்டார். என்ன சத்தம்! காஜா பெராங் நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. நிறுத்திவிட்டு, "ஆறட்டும். சாயங்காலம் நட்டை இறுக்கிட்டு, அப்புறம் சாமானைக் கழுவிப் படைக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனார். அம்மா அடுப்படியிலிருந்து "பாப்பா, அண்ணன் சாமானெல்லாம் எடுத்துட்டு வந்து வை, பொட்டு வைக்கணும்" என்று குரல் கொடுத்தார். அம்மாவுக்கு நட்டைப் பற்றித் தெரியாது.

எனக்குத் தெரியும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கொட்டகைக்குப் போனேன். சுத்தியல், உளி, சாவிகள், ஸ்பேனர்கள் எல்லாவற்றையும் கூடையில் எடுத்தேன். அந்த மெல்லிய ஸ்பேனர் இஞ்சின்மேல் துணி விரித்துத் தனியாக வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு அதையும் எடுத்தேன். கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, மஞ்சள் நூல் சுற்றி, தாம்பாளத்தின் நடுவில் வைத்தேன். அம்மா கற்பூரம் காட்டிவிட்டார்.

குளித்துவிட்டு வந்த அண்ணன் சாமி முன்னால் கும்பிட நின்றார். தாம்பாளத்தைப் பார்த்தார்.

"அதையும் வெச்சிட்டியா பாப்பா?"

"எல்லாத்தையும்தானே வைக்கணும்? படைச்சாச்சு. இனி நாளைக்கு ஒன்பது மணிக்கு மேலதான் தொடலாம்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பூவைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். "சரி" என்றார். அவ்வளவுதான். நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு சுண்டல் கேட்டார். அதன்பிறகு கொட்டகைக்குப் போய், இருட்டும்வரை காருக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அடுப்படிச் சன்னலிலிருந்து அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

மறுநாள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் கிளம்பியது. அம்மாவும் நானும் தச்சர் மாமாவும் அண்ணனின் நண்பர் ஒருவரின் வேனில் பின்னால் போனோம். அங்கே வந்திருந்த கார்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெட்டி பெட்டியாகச் சாமான்கள். எங்கள் காரில் மட்டும் ஒரு சாமான் இல்லை. ஒரு வெள்ளைக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே, இன்று என் சாமான்களுக்கெல்லாம் விடுமுறை என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். தவுக்கேயும் வந்திருந்தார், தொப்பியைக் கழற்றி எங்களுக்கு வணக்கம் சொன்னார்.

கொடி அசைந்ததும் கார் பாய்ந்தது. செங்கால் மரச் சட்டத்தோடு, அப்பா துடைத்த அதே கார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. தச்சர் மாமா என்னென்னவோ மலாயில் கத்தினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் நான் மனமார வேண்டிக்கொண்டேன், கார் ஏறிவிட வேண்டும் என்று. முந்திய நாள் செய்ததற்கும் இதற்கும் என்ன பொருத்தம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மூன்றாவது வளைவில் சத்தம் மாறியது. சீறல் ஒன்று கேட்டது. பிறகு வெள்ளைப் புகை. உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கார் நின்றது.

நாங்கள் ஓடிப் போனோம். அண்ணன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அமைதியாக மூடினார். தவுக்கே மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"ஹெட்டை மறுபடி இறுக்கவில்லையா?" என்று கேட்டார்.

நான் அண்ணனுக்கு இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "லூப்பா, தவுக்கே" என்றார். மறந்துவிட்டேன் என்று.

தவுக்கே காரின் மூடியை ஒரு முறை தடவினார். பிறகு, கெட்டிக்காரன் நீ, ஆனால் இதை மறக்கிற ஆளிடம் நான் எப்படிப் பந்தய இஞ்சினைக் கொடுப்பது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதன்பின் நடந்தவை உங்களில் பலருக்குத் தெரியும். அடுத்த வாரமே அண்ணன் இரண்டாவது கேஸ்கட்டைப் போட்டு, ஆறவைத்து, இறுக்கி, ஒருநாள் தனியாக அந்தக் குன்றின் உச்சிவரை ஓட்டிவிட்டு வந்தார். யாரும் நேரம் பார்க்கவில்லை, கொடி அசைக்கவில்லை. நாடு விடுதலை பெற்றபின் காஜா பெராங்கிலேயே சொந்தப் பட்டறை தொடங்கினார். ஊர் மெக்கானிக்குகள் அவரை வெகுகாலம் "நட்டு மறந்த அண்ணே" என்று கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். பட்டறைச் சுவரில் "ஆறியபின் மறுபடி இறுக்கவும்" என்று தமிழிலும் மலாயிலும் அவரே பெயின்டில் எழுதி வைத்தார். அதைப் பார்க்கும் போதெல்லாம் என் கண் தானாகக் கீழே போகும்.

என் கல்யாணத்துக்கு அந்தக் காரைத்தான் எடுத்து வந்தார். கோயிலிலிருந்து செமாபோக்கில் என் புகுந்த வீடுவரை. காரில் இருப்பது இரண்டே இருக்கை. ஓட்டுவதற்கு அண்ணன், பக்கத்தில் நான். மாப்பிள்ளை பின்னால் ஒரு டாக்சியில் வந்தார். "கட்டின முதல் நாளே என்னைத் தனியா விட்டுட்டுப் போனவ" என்று என் கணவர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். அண்ணன் சீர்வரிசையில் ஒரு புது அண்டாவும் கொடுத்தார். ஒன்று அல்ல, இரண்டு.

பிறகு அண்ணி வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள். அண்ணிக்கு மூன்றாவது இருக்கை இல்லாத வண்டிமேல் ஆரம்பத்தில் கோபம், பின்பு அதையே துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்தது அவர்கள்தான். அண்ணன் வாரம் தவறாமல் செமாபோக் வந்து என்னைப் பார்ப்பார். ஐம்பது ஆண்டுக்குக் குறையாமல் வாரம் தவறாமல் வந்தார். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். எத்தனையோ முறை சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். "அண்ணே, அன்னிக்கு அந்த ஸ்பேனரை..." என்று தொடங்குவேன். அவர் "காப்பியில சீனி கம்மி பாப்பா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

கடைசி ஆண்டில் இதயம் தளர்ந்துவிட்டது. மருத்துவமனையில் இருந்தபோதும் தாதியரிடம் கட்டிலின் சக்கரம் கிறீச்சிடுகிறது என்று குறை சொல்லி, எண்ணெய் கொண்டுவரச் சொல்லித் தானே போட்டார். மறுநாள் விடிகாலை தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. துன்பப்படாமல் போனார். எங்களுக்குத்தான் துன்பம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டார்கள். துணியில் சுற்றிய ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பிரித்தேன். மெல்லியதாக ராவிய ஸ்பேனர். பட்டறையில் மாட்டியிருக்கும் ஸ்பேனரின் அச்சு அசல் ஜோடி.

"இது அன்னிக்கு அவரு கால்சட்டைப் பையிலதான் இருந்துச்சாம். கல்யாணமான புதுசுல எங்கிட்ட சொன்னாரு. 'நான் போனப்புறம் பாப்பாகிட்ட குடு, முன்னாடி குடுத்தா அழுவா'ன்னாரு."

ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதையும் இரண்டாகச் செய்கிறவர். எப்படி எனக்கு அது தோன்றாமல் போனது?

"அப்புறம் ஏன் அண்ணி இறுக்கல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். ராத்திரி வரைக்கும் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாராம். 'அவ அதை ஒளிச்சு வெச்சிருந்தா எடுத்து இறுக்கிட்டுப் போயிருப்பேன். அவ சாமிகிட்ட குடுத்துட்டா. அவ்வளவு பயம் அவளுக்கு. அதை மீறிட்டுப் போயி நான் என்ன இஞ்சின் ஓட்டப்போறேன்'னாரு. இன்னொண்ணும் சொன்னாரு. 'போகாதண்ணேன்னு வாயைத் திறந்து கேட்டிருந்தா, நான் அந்த வண்டியையே வெளிய எடுத்திருக்க மாட்டேன்'னாரு."

ஆகவே உறவினர்களே, நண்பர்களே, அண்ணனோடு தொழில் செய்த மெக்கானிக் தம்பிகளே, இந்த மலரில் நான் சொல்ல வந்தது இதுதான். அந்த நட்டுகளை அண்ணன் மறக்கவில்லை. அவர் வாழ்நாளில் எந்த நட்டையும் மறந்தவர் இல்லை. மறந்ததாகச் சொன்னது என்னைக் காப்பாற்ற. அவர் பெயரில் இத்தனை காலம் இருந்த கறை என்னுடையது. அதை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளவே நான் பேனா எடுத்தேன்.

அண்ணனின் கடைசி நாள்களில் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இரவும் பகலும் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்த பட்டறைப் பிள்ளைகளுக்கும், தங்கள் வீட்டுத் துக்கம் போல வந்து பாடைக்கு மரம் இழைத்துக் கொடுத்த தச்சர் மாமாவின் பேரன்களுக்கும், ஈமச்சடங்கில் உடனிருந்த காஜா பெராங், தெங்கேரா, செமாபோக் மக்களுக்கும், சொல்லாமல் சுமந்த அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வரும் ஆயுத பூஜைக்கு மருமகன் வழக்கம்போல எல்லாச் சாமான்களையும் படைப்பான். ஜோடியில் ஒரு ஸ்பேனரையும் தாம்பாளத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மற்றது என்னிடம் இருக்கும். அன்று காலை அவன் அந்த இஞ்சினை ஓட விடுவான். ஆறியதும் பத்து நட்டுகளையும் நான் இறுக்கப்போகிறேன். கையில் பலம் போதாது, பிடித்துக்கொள்ள அவன் இருக்கிறான். சாமிக்குக் கோபம் என்றால் என்னோடு பேசிக்கொள்ளட்டும்.

போகாதண்ணே.